'ஆல் ஒரிஜினல்' என்று விற்கும் பழைய கைக்கடிகாரத்தை எப்படி நம்புவது?

நீங்கள் பார்த்து வைத்திருப்பவை மூன்று. ஆரஞ்சு டயல் போட்ட 1970களின் சீக்கோ 5, விலை 2,800 ரூபாய். 'தாத்தா காலத்து' ஒமேகா, 9,500 ரூபாய். பச்சை டயலோடு ஒரு எச்எம்டி பைலட். மூன்றுக்கும் 'ஆல் ஒரிஜினல், ஃபுல்லி சர்வீஸ்டு' என்று போட்டிருக்கிறார்கள். படங்களைப் போட்டு, இவை போலியா, நிஜமா என்று ஒரே சொல்லில் பதில் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்: ஒரே நாளில் ஒரே பெட்டியில் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய பாகங்களில் எத்தனை இன்னும் இந்த வாட்ச்சில் இருக்கின்றன?

காரணம், பழைய வாட்ச்சில் முழுக்க முழுக்கப் போலி என்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கலப்புதான் அதிகம். மெஷின், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம், நிஜமான சீக்கோவாக இருக்கும், கேஸ் என்னும் வெளிக்கூடு இன்னொரு சீக்கோவிலிருந்து வந்திருக்கும், டயல் பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அச்சடித்ததாக இருக்கும், முள் எங்கோ ஒரு டப்பாவிலிருந்து எடுத்ததாக இருக்கும். இப்படிக் கோத்ததை ஃபிராங்கன் என்பார்கள். டயலை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தால் ரீடயல். இந்தியாவிலிருந்து போகும் இந்த வகைச் சரக்குக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. ஆகவே மெஷின், கேஸ், டயல், முள் நான்கையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். விலையையும் அப்படித்தான் போட வேண்டும்.

சீக்கோவிலிருந்து தொடங்கலாம். பழைய வாட்ச்களில் தன் ஜாதகத்தை முதுகில் எழுதி வைத்துக்கொண்டு திரிவது அதுதான். பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு மெஷினின் எண், அடுத்தது கேஸின் எண். தனியாக ஆறு அல்லது ஏழு இலக்கத்தில் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை எண்ணாகவும், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகளாகவும் வரும். 820453 என்று இருந்தால் ஏதோ ஒரு 8-ஆம் ஆண்டின் பிப்ரவரி. அது 1968-ஆ, 78-ஆ, 88-ஆ என்பதை மெஷின் எண்தான் தீர்த்துவைக்கும். 6119 என்றால் எழுபதுகளை ஒட்டியது, 7009 என்றால் எழுபதுகளின் பிற்பகுதி அல்லது எண்பதுகள். 7எஸ்26 மெஷின் 1996-இல்தான் வந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டு '1970ஸ் விண்டேஜ்' என்று ஒருவர் எழுதினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பின்மூடியில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் மெஷினில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூடியைத் திறக்காமலே ஓரளவு பார்க்கலாம். 6119-இல் சாவியை, அதாவது பக்கவாட்டில் உள்ள திருகுக் குமிழை, உள்ளே அழுத்தினால் தேதி மாறும். 7009, 6309 இரண்டிலும் சாவியை ஒரு படி வெளியே இழுத்துத் திருப்பினால்தான் தேதியும் கிழமையும் மாறும். மூடியில் 6119 என்றிருந்து, அழுத்தினால் ஒன்றும் நடக்காமல், இழுத்துத் திருப்பினால் தேதி ஓடுகிறது என்றால் மூடியும் மெஷினும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். இன்னொன்று: 6119, 7009, 6309, 7எஸ்26 நான்குமே கையால் சாவி கொடுக்க முடியாதவை, நொடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் முடியாதவை. சாவி கொடுத்தால் ஏறுகிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், உள்ளே இருப்பது இவற்றில் எதுவும் அல்ல.

துடிப்பையும் எண்ணிப் பார்க்கலாம். இந்த நான்கு சீக்கோ மெஷின்களும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு 6. எச்எம்டியின் கையால் சாவி கொடுக்கும் 0231 மெஷின் மணிக்கு 18,000, நொடிக்கு 5. ஃபோனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் நொடி முள்ளைப் படமெடுத்து, ஒரு நொடிக் கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போக எத்தனை தாவல் என்று எண்ணுங்கள். விற்பவர் தொலைவில் இருந்தால் அந்த வீடியோவை அவரையே எடுத்து அனுப்பச் சொல்லலாம். சீக்கோ என்று சொல்லப்படுவதில் 5 தாவல் வந்தால் மூடியைக் கட்டாயம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எண் கணக்கு, தவறு வர இடம் குறைவு. ஆனால் பணத்தை இழப்பது பெரும்பாலும் டயலில்தான், அங்கே கண் பழக வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது போதும். தொழிற்சாலை டயலில் எழுத்தை மென்மையான திண்டு ஒன்றால் ஒற்றி எடுத்து அச்சிட்டிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் மை ஒரே கனத்தில், பரப்பிலிருந்து மயிரிழை அளவு எழும்பி, ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். ரீடயலில் 'ஏ', 'ஆர்' போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வெளி மை நிரம்பி அடைத்திருக்கும். ஒரே எழுத்தில் ஒரு கால் தடித்தும் ஒரு கால் மெலிந்தும் நிற்கும். நிமிடக் கோடுகளை 12-இலிருந்து சுற்றிக்கொண்டு வாருங்கள். 7, 8 மணி வரும்போது அச்சுக் கோடு, பதித்த உலோக மணிக்குறியின் நடுவை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருந்தால், அச்சும் குறிகளும் ஒரே கையால் வைக்கப்பட்டவை அல்ல. தேதி ஜன்னலின் ஓரத்தைப் பாருங்கள். அசல் டயலில் அது சுத்தமாகச் சரிந்திருக்கும். ரீடயலில் பெயின்ட் வழிந்து மூலைகள் மழுங்கியிருக்கும். உலோகக் குறிகளின் அடியில் டயல் நிறத்துப் பெயின்ட் ஏறி நின்றால், குறிகளைக் கழற்றாமலே மேலே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்.

சீக்கோ டயலின் அடியில், 6 மணிக் குறியின் இரு பக்கமும் கேஸ் விளிம்பை ஒட்டி, மிகப் பொடியாக ஒரு குறியீடு இருக்கும். முதல் நான்கு இலக்கம் மெஷின் எண், அதன்பின் அந்த டயலுக்கான எண். இந்தப் பின்பாதி, மூடியில் உள்ள கேஸ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. புதியவர்கள் இங்கே குழம்பி நல்ல வாட்ச்சையே போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். முன்பாதிதான் மெஷினோடு பொருந்த வேண்டும். ரீடயலில் இந்தக் குறியீடு அறவே இராது. இருந்தால் படிக்க முடியாத புள்ளிகளாக இருக்கும், அல்லது வேறு மெஷினின் எண்ணாக இருக்கும். டயலில் '21 ஜுவல்ஸ்' (உராய்வைக் குறைக்க மெஷினில் வைக்கும் கற்களின் எண்ணிக்கை) என்று அச்சிட்டு உள்ளே 17 கல் வைத்த 7009 ஓடுவதும் சாதாரணம்.

'அந்தக் கேஸ் எண்ணை இணையத்தில் தேடி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்' என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. இங்கே அதிகம் விற்கும் 7009 போன்றவற்றைத் தேடினால் வரும் படங்களில் பெரும்பகுதி ரீடயலே. பத்துப் படத்தில் எட்டு ஆரஞ்சாக இருப்பதால் ஆரஞ்சுதான் அசல் என்று ஆகிவிடாது. சீக்கோவின் பழைய விற்பனைக் கேட்டலாக்குகளைச் சேகரிப்பாளர்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களோடு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் உள்பாகம் திறந்து காட்டிய படங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். தட்டையான, பளீரென்ற ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஜா நிறங்களும், டயல் நடுவில் சிவப்புச் சிலுவை, விமானம், ரயில்வே சின்னம் போன்றவையும் ரீடயல்காரர்களின் கைரேகை மாதிரி. சீக்கோவின் பல அசல் டயல்களில் நடுவிலிருந்து கதிர் போல் மெல்லிய கோடுகள் ஓடும். வெளிச்சத்தில் சாய்த்தால் நிழல் சுழலும். அதன்மேல் சாதாரணப் பெயின்ட் அடித்த பிறகு அந்தச் சுழற்சி திரும்ப வராது.

ஒளிரும் பூச்சு பொய் சொல்வது அரிது. 1960களின் தொடக்கம் வரை ரேடியம், அதன்பின் 1990கள் வரை பெரும்பாலும் ட்ரிட்டியம். ஸ்விஸ் டயல்களின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பதன் இரு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து நின்றால் அது ட்ரிட்டியம். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். 1970-இல் பூசியது இன்றைக்கு நான்கு அரை ஆயுளைத் தாண்டிவிட்டது, தானாக ஒளிராது. டார்ச் அடித்தால் சில நொடி மங்கலாக மின்னி அணையலாம், அது இயல்பு. டார்ச் அடித்த பிறகு பத்து நிமிடம் பச்சையாக ஜொலித்தால் பூச்சு அண்மைக்காலத்தது. முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஏறக்குறைய ஒரே அளவு பழுத்திருக்க வேண்டும். டயலில் வெள்ளை, முள்ளில் காப்பி நிறம் என்றால் இரண்டில் ஒன்று வந்தேறி. ரேடியம் டயலை மட்டும் நீங்களே திறந்து நோண்டாதீர்கள். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். வெளிச்சம் செத்துப்போனது பூச்சில் கலந்த பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் தேய்ந்ததால்தான், கதிரியக்கம் அப்படியேதான் இருக்கிறது. உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போவது ஆபத்து.

அடுத்து பைலட். எச்எம்டி பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து வாட்ச் செய்யத் தொடங்கியது. எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் கொடுத்தது. அதன்பின் அதன் ஜனதா, பைலட் மாடல்கள் இரண்டுக்கும் கிராக்கி ஏறியது, கூடவே ரீடயலும் பெருகியது. இதில் மெஷினைப் பற்றிக் கவலை குறைவு. மெஷினின் பாகங்களைப் பிடித்து வைக்கும் பாலத்தகட்டில் எச்எம்டி பெயரும் 0231 எண்ணும் 17 கல் என்பதும் இருந்தால் போதும், மலிவான அந்த மெஷினைப் போலி செய்வதில் யாருக்கும் லாபமில்லை. டயலில்தான் சிக்கல், அதிலும் முழு நிச்சயம் கிடைக்காத சிக்கல். நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பரிசளிக்கத் தங்கள் சின்னம் அச்சிட்ட டயல்களை எச்எம்டியிடம் செய்து வாங்கியதுண்டு, ஆகவே சின்னம் இருப்பதாலேயே ரீடயல் என்று தள்ளிவிட முடியாது. தேவநாகரி எழுத்திலும் எண்ணிலும் அசல் ஜனதா உண்டு, அதையும் பார்த்து அச்சடிக்கிறார்கள். இங்கே லென்ஸில் தெரியும் அச்சுத் தரம்தான் கடைசித் தீர்ப்பு. எழுத்து மயிரிழைக் கூர்மையில் இருந்து, டயலின் பின்பக்கம் சுரண்டலோ பெயின்ட் சிதறலோ இல்லாமல் இருந்தால் தேறும். டயல் விளிம்பில் அரம் போட்டது போல ஒரு சின்ன வெட்டு தெரிந்தால், மறு அச்சுக்காக நேர்வைக்கப் போட்ட அடையாளம் அது. கேஸ் விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும் என்பதால் மெஷினை வெளியே எடுத்தால்தான் கண்ணில் படும்.

தொழிற்சாலையின் மிச்சப் பாகங்களை வாங்கி வெளியே ஒருவர் கோத்த எச்எம்டி என்றால், பாகம் எல்லாமே அசல். அதைத் தொழிற்சாலையில் கோத்ததிலிருந்து பிரித்துச் சொல்ல லென்ஸும் உதவாது. 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று இரண்டு பங்கு விலை கேட்டால் அந்தக் கூடுதலைப் பில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஒமேகா விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: உள்ளே பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1950-70களின் ஒமேகா மெஷின்கள் பெரும்பாலும் செம்பு கலந்த இளஞ்சிவப்புப் பொன்னிறம். பாலத்தகட்டில் ஒமேகா பெயர், மெஷின் எண், கல் எண்ணிக்கை, வரிசை எண் எல்லாம் ஆழமாகப் பொறித்திருக்கும். நம் சந்தையின் மலிவு 'ஒமேகா'க்களில் வெள்ளி நிறத்தில் எஃப்எச்எஃப் 96 போன்ற பொது மெஷின் உட்கார்ந்திருக்கும். அது நல்ல ஸ்விஸ் மெஷின்தான், பல சின்னப் பெயர்களில் வந்தது, ஆனால் ஒமேகா அல்ல. அதன்மேல் ஒமேகா குறியை லேசாகக் கீறி வைப்பதும் உண்டு. நிஜப் பொறிப்பின் ஓரம் கூர்மையாகவும் உள்ளே பழைய நிறத்தோடும் இருக்கும், புதுக் கீறல் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

பின்மூடியின் உட்புறத்தில் 135.011, 166.010 போல ஒரு மாடல் எண் இருக்கும். அறுபதுகளில் வந்த இந்த எண்முறையே ஒரு சோதனை. முதல் 1 ஆண்கள் வாட்ச். இரண்டாவது இலக்கம் 3 என்றால் கையால் சாவி கொடுப்பது, 6 என்றால் ஆட்டோமேட்டிக். மூன்றாவது 5 என்றால் தேதி இல்லாதது, 6 என்றால் தேதி உள்ளது, 8 என்றால் தேதியோடு, துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்றும் பெற்றது. மூடியில் 135 என்றிருந்து டயலில் தேதி ஜன்னலும் 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லும் இருந்தால், மூடி இரவல். மெஷினின் வரிசை எண் தோராயமாகக் காலத்தைச் சொல்லும்: 1 கோடி என்பது 1940களின் நடு, 2 கோடி 1960களின் தொடக்கம், 3 கோடி 1970-ஐ ஒட்டி. இதில் ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம், அதற்காகச் சண்டை போட வேண்டாம். கண்ணாடியின் நடுவில் பொடியாக ஒமேகா குறி இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம், குறி போட்ட மாற்றுக் கண்ணாடி தனியாகவே விற்கிறது. குறி இல்லாததாலும் வாட்ச் கெட்டது ஆகிவிடாது.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போன ஒரு 1957 ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்தது என்று 2023-இல் ஒமேகா நிறுவனமே சொன்னது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். நல்ல பாகங்களை அறிந்த கை கோத்தால் படத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் போட்ட படங்களை வைத்து நான் சொல்வதற்கும் அதே எல்லைதான்.

கேஸைப் பற்றிச் சுருக்கமாக: பட்டையை மாட்டும் காதுகளின் ஓரம் சோப்புக் கட்டி போல உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அந்த உலோகம் திரும்ப வராது. தங்க முலாம் கேஸில் காது நுனியிலும் சாவியைச் சுற்றியும் பித்தளை எட்டிப் பார்ப்பது வயதுக்கு இயல்பு. ஐம்பது வருட வாட்ச்சில் ஒரு இடத்தில்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் மறுமுலாம் என்று சந்தேகப்படுங்கள். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். குட்டையாக நின்றால் முள் மாறியிருக்கிறது.

விற்பவரிடம் பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்த முகப்படம், பின்மூடியின் வெளிப்புறம், உட்புறம், எண் தெரியும்படி மெஷின், சாவிப் பக்கம் என ஐந்து படமாவது கேளுங்கள். முகப்படத்தில் முள்ளை 4 மணி 35 நிமிடத்தில் வைத்து, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். எங்கோ சுட்ட படம் என்றால் அதிலேயே வெளுத்துவிடும். 'திறக்கக் கருவி இல்லை' என்பது, 'ஃபுல்லி சர்வீஸ்டு' என்று எழுதியவர் வாயில் வரக்கூடாத பதில். நேரில் வாங்கினால் பக்கத்தில் உள்ள ரிப்பேர்காரரிடம் திறந்து பார்க்கச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திருகு மூடியைச் சின்ன ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பியே பல நேரம் திறந்துவிடலாம், கீறல் விழாது.

ரீடயல் என்று சொல்லியே விற்றால் அதில் ஏமாற்று இல்லை. தினம் கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் வேண்டும், நிறம் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், ரீடயலுக்கான விலையில். உங்கள் சீக்கோவின் படத்தில் 6 மணிக்குக் கீழே குறியீடே தெரியவில்லை, நிறமும் தட்டை. ரீடயல் என்றுதான் தோன்றுகிறது. மெஷினும் மூடியும் பொருந்தினால் 1,500 ரூபாய் வரை நான் யோசிப்பேன், அதற்கு மேல் இல்லை. பைலட்டின் படம் மங்கல், டயலை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒமேகாவுக்கு உள்படம் இல்லாதவரை என் விலை பூஜ்யம். உள்படம் வந்து, செம்பு நிற மெஷினும் அதற்குப் பொருந்தும் மாடல் எண்ணும் இருந்தால், ரீடயலாகவே இருந்தாலும் 9,500 மோசமில்லை. படம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், எண்களைச் சேர்ந்தே பார்ப்போம்.